கூடாரம் அடிக்கும் முன் மேலே பாருங்கள்: குடும்ப முகாம் தளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே குடும்பப் புலனக் குழுவில் படங்கள் வரத் தொடங்கிவிடும். பச்சைப் புல்வெளி, பக்கத்தில் சலசலக்கும் ஆறு, மஞ்சள் விளக்குகள் தொங்கும் கூடாரங்கள். "இங்க போலாமா?" என்று சித்தப்பா கேட்பார். "டாய்லெட் சுத்தமா இருக்குமா?" என்று அத்தை கேட்பார். பல வீடுகளில் அத்தோடு தேர்வு முடிந்துவிடுகிறது. முன்பணம் கட்டியாகிவிடும்.

கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் கேம்பிங் மோகம் வேகமாக வளர்ந்தது. விடுதி அறைக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு இரவு தங்கிவிடலாம். பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு ஆற்றில் இறங்குவார்கள். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ அடுக்குமாடி வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் படத்தில் தெரியாத ஒன்று இருக்கிறது. கூடாரத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதைப் படம் காட்டுவதில்லை.

பத்தாங்காலியில் நடந்தது

2022 டிசம்பர் 16, அதிகாலை 2 மணியைத் தாண்டிய வேளை. உலு சிலாங்கூர் மாவட்டம், பத்தாங்காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் இருந்த ஃபாதர்ஸ் ஆர்கானிக் ஃபார்ம் என்ற பண்ணை முகாமில் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. அது பள்ளி விடுமுறைக் காலம். கோலாலம்பூரில் உள்ள ஒரு சீனப் பள்ளியின் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூட அங்கே இருந்தனர். முகாமுக்கு மேலே, சாலையை ஒட்டிய சரிவு அப்படியே பெயர்ந்து விழுந்தது. 92 பேர் சிக்கினர். 61 பேர் தப்பினர். 31 பேர் மாண்டனர்; அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். கடைசி உடலை மீட்டது டிசம்பர் 24ஆம் தேதி.

பல நாட்களாகத் தொடர்ந்து பெய்து மண்ணில் ஊறிய மழையே சரிவுக்குக் காரணம் என்று அரசாங்கத்தின் ஆய்வு பின்னர் கூறியது. மலேசியப் பெற்றோர் மனத்தில் நிறுத்த வேண்டிய வரி இதுதான். சரிவு விழுவதற்கு அந்த நேரத்தில் அடைமழை கொட்ட வேண்டும் என்பதில்லை. முந்தைய வாரத்து மழையே போதும். "இன்னிக்கு வானம் தெளிவா இருக்கே" என்பது மலையடிவாரத்தில் ஒரு பாதுகாப்பும் தராது.

அந்த நிலத்தில் பண்ணை நடத்தத்தான் அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை என்று ஊராட்சி மேம்பாட்டுத் துறை அமைச்சர் ஙா கோர் மிங் அப்போது அறிவித்தார். ஆறு, அருவி, மலைச்சரிவு அருகில் உள்ள ஆபத்து மிகுந்த முகாம்கள் ஒரு வாரத்துக்கு மூடப்பட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

சிலாங்கூரில் மண் சரிந்தது அதுவே முதல் முறை அல்ல. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விழுந்து 48 பேர் இறந்தனர். 2011 மே 21ஆம் தேதி உலு லங்காட்டில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றின் மீது மண் சரிந்து 16 பேர் பலியாகினர். மாதங்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். மேற்குக் கரை மாநிலங்களில் மழை ஆண்டுக்கு இரண்டு முறை உச்சம் தொடுகிறது: ஏப்ரல், மே ஒரு முறை, அக்டோபர் தொடங்கி ஆண்டு இறுதி வரை இன்னொரு முறை. நம் தீபாவளி விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும் இந்த இரண்டாவது உச்சத்துக்குள்தான் வருகின்றன. மலையோர முகாமுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரியோ, ஜூன், ஜூலையோ ஓரளவு நல்லது. டிசம்பரில் போகும் குடும்பம் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

உரிமம் இருந்தால் போதுமா?

உரிமம் கேட்பது முதல் வேலை. தயங்க வேண்டியதில்லை. முகாம் நடத்துபவரிடம் "எந்த நகராண்மைக் கழகத்தின் உரிமம்? எண் என்ன?" என்று கேட்கலாம். நேர்மையாக நடத்துபவர் உடனே சொல்லிவிடுவார். சிலர் வணிகப் பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அது நிறுவனம் இருக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. அந்த இடத்தில் ஆட்களைத் தங்க வைக்கலாம் என்பதற்கான அனுமதி வேறு.

உறுதி செய்ய வேண்டுமானால் வேலை நாளில் அந்தந்த ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவை அழைக்க வேண்டும். பத்தாங்காலி, கோல குபு பாரு பக்கம் உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம். உலு லங்காட்டுக்குக் காஜாங். ரவாங், பத்து மலை வட்டாரத்துக்குச் செலாயாங். மோரிப்புக்குக் கோல லங்காட். பாகான் லாலாங்குக்குச் சிப்பாங். ஜண்டா பாய்க் சிலாங்கூரில் இல்லை, பகாங்கில் இருக்கிறது. அங்கே பெந்தோங் நகராண்மைக் கழகம். சனிக்கிழமை காலை காரில் உட்கார்ந்துகொண்டு அழைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

ஆனால் உரிமம் இருந்தாலும் நிலத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். குடும்ப கேம்பிங்கில் நம்மைவிடப் பல காலம் முந்திய ஐரோப்பாவில் கோடை வந்தால் காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுவது பழக்கம். அங்கே முகாம்களுக்கு விடுதி போல நட்சத்திரத் தரமும் உண்டு. அப்படியிருந்தும் 1996 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஸ்பெயினின் பிரனீஸ் மலையடிவாரத்தில் பியெஸ்காஸ் என்ற ஊரில் இருந்த முகாமை மலைநீர் அடித்துச் சென்றது. 87 பேர் இறந்தனர். அது அனுமதி பெற்ற முகாம். மலையோடை கல்லும் மண்ணும் கொண்டுவந்து பரப்பிய விசிறி போன்ற மேட்டின் மீது அது அமைந்திருந்தது. அந்த மேடு எப்படி உருவானது என்று ஒருவர் யோசித்திருந்தாலே போதும்: ஓடை எத்தனையோ முறை அங்கே வந்திருக்கிறது, இன்னொரு முறையும் வரும். 2005இல் ஸ்பெயின் நீதிமன்றம் அரசுத் தரப்பையே பொறுப்பாக்கியது. இறந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

போய்ச் சேர்ந்ததும் பார்க்க வேண்டியவை

இருட்டும் முன் போய்ச் சேர வேண்டும். இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வேலை முடிந்து வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி, இரவு 9 மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கூடாரம் அடிக்கும் குடும்பங்கள்தான் அதிகம். அவர்களுக்கு மேலே சரிவு இருக்கிறதா, சாலை இருக்கிறதா என்பது மறுநாள் காலையில்தான் தெரியும். பிற்பகல் 4 மணிக்குள் சேர முடியாவிட்டால் சனிக்கிழமை காலையே கிளம்பலாம்.

கைத்தொலைபேசி வரைபடத்தில் துணைக்கோளப் படத்தைத் திறந்து முகாமுக்கு மேலே என்ன இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். போன பிறகு நடந்து பார்க்க வேண்டும். சரிவில் புதிய விரிசல், ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், புல் இல்லாமல் செம்மண் தெரியும் தழும்பு, அடிவாரத்தில் கசியும் கலங்கல் நீர், வயிறு தள்ளிய தடுப்புச் சுவர், மேலே வெட்டிய சாலை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடிவாரத்தில் கூடாரம் வேண்டாம். முகாமுக்குள்ளேயே வேறு இடம் கேட்கலாம். இல்லை என்றால் திரும்பிவிடலாம். கட்டிய பணம் போகும்தான்.

ஆற்றோரம் என்றால் பார்க்க வேண்டியது வேறு. கரையோரப் புதர்களிலும் மரக்கிளைகளிலும் சருகு, பிளாஸ்டிக், கந்தல் சிக்கித் தொங்கும் உயரத்தைப் பார்க்க வேண்டும். முன்பு வெள்ளம் வந்த மட்டம் அது. கூடாரம் அதற்கு மேலே இருக்க வேண்டும். ஆற்றின் நடுவே உள்ள மணல் திட்டு அழகான இடம்தான், ஆனால் அது ஆற்றுக்குச் சொந்தமானது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. உலு லங்காட், உலு யாம் பக்கத்து முகாம்கள் சிலவற்றுக்குப் போக ஓடையின் குறுக்கே தாழ்வான சிமெண்டுப் பாலத்தைக் கடக்க வேண்டும். தண்ணீர் ஏறினால் முதலில் மூழ்குவது அந்தப் பாலம்தான். காரும் குடும்பமும் மறுகரையில் மாட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கடக்காமல் வெளியேற ஒரு வழியாவது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கெபாலா ஆயர்

மலாய்க்காரர்கள் கெபாலா ஆயர் என்பார்கள். நாளிதழ்களில் திடீர் நீர்ப்பெருக்கு. மேலே மலையில் மழை பெய்யும். கீழே வெயில் அடிக்கும். மரக்கட்டைகளும் சருகும் அடைத்துத் தேங்கிய நீர் ஒரு கட்டத்தில் உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும். 2023 ஜூலை 1ஆம் தேதி திரெங்கானு, கெமாமானில் ஆயர் பூத்தே பகுதி நீர்வீழ்ச்சியில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை இப்படி வந்த நீர் அடித்துச் சென்றது. கிழக்குக் கரைக்கு ஜூலை மழைக்காலமே அல்ல. 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய பெருக்கும் உயிர்களைப் பறித்தது. ஆகவே மேலே சொன்ன மாதக் கணக்கு சரிவுக்கு உதவும், ஆற்றுக்கு முழுமையாக உதவாது.

ஆற்றில் புதிதாக வரும் வெள்ளத்தைத் தமிழில் புதுப்புனல் என்பார்கள். வையையில் புதுப்புனல் வந்தால் மதுரையே திரண்டு நீராடப் போனதைப் பரிபாடல் பாடுகிறது. அது சமவெளி ஆறு. நம் ஊர் சுங்கைகள் மலையிலிருந்து நேராக விழுபவை. இங்கே புதுப்புனலைப் பார்த்தால் ஓட வேண்டும்.

அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். தெளிந்த நீர் கலங்கிப் பழுப்பாகும். சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும். தண்ணீர் திடீரெனக் குளிரும், மட்டம் ஏறும், தூரத்தில் லோரி வருவது போன்ற இரைச்சல் கேட்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டதும் கரையோரமாக ஓடக் கூடாது, மேட்டை நோக்கி ஏற வேண்டும். செருப்பையும் சட்டியையும் எடுக்கத் திரும்பக் கூடாது. தோட்டப்புறத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு இது தெரியும்; மேல் டிவிசனில் மழை இருட்டினாலே ஆற்றிலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுவார்கள். நகரத்தில் வளர்ந்த பெற்றோருக்குத்தான் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளம்புமுன் வானிலைத் துறையின் மைசுவாசா செயலியைப் பார்ப்பது நல்லது. ஆனால் முகாம் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் தேடினால் போதாது. ஆறு எங்கிருந்து வருகிறதோ அந்த மலைப்பகுதிக்கும் பார்க்க வேண்டும். ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சிர் அகப்பக்கம் காட்டும்.

எங்கே போகலாம்?

கூடாரத்தில் படுத்தே பழகாத பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கடற்கரையே நல்ல தொடக்கம். தட்டையான நிலம், தலைக்கு மேலே மலை இல்லை, ஆறு இல்லை, பக்கத்தில் ஊர், கடை, மருத்துவமனை. கிள்ளான்காரர்களுக்கு மோரிப் பழக்கமான இடம். ஒரே இடத்தில் தங்காமல் சுற்றிப்பார்க்க விரும்புவோருக்கு ஓர் எளிய பாதை உண்டு. கிள்ளானிலிருந்து பந்திங், மோரிப், அடுத்த நாள் பாகான் லாலாங், பிறகு போர்ட்டிக்சன். இடையே செம்பனைத் தோட்டங்கள், பழைய கோவில்கள், ஒட்டுக்கடையில் பசியாறல். ஒரு நாளில் ஓட்ட வேண்டிய தூரம் குறைவு என்பதால் முதியவர்களும் அலுக்கமாட்டார்கள்.

கடலுக்கும் ஒரு கணக்கு உண்டு. மலாக்கா நீரிணையில் கிள்ளான் கரையோரம் ஏற்றவற்றம் பெரியது. மோரிப்பில் நீர் வற்றும்போது கடல் கண்ணுக்கெட்டாத் தூரம் போகும். ஏறும்போது மாலையில் பார்த்த மணல்வெளி இரவில் இருக்காது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றம் அதிகம்; நாள்காட்டியே போதும். மணலில் காய்ந்த பாசியும் குப்பையும் கோடு போட்ட இடத்துக்கு மேலே தங்க வேண்டும். சவுக்கு மரத்தடி நிழல் இதமானது, ஆனால் இடி இடிக்கும்போது அங்கே இருக்கக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் பாதி நாட்களுக்கு மேல் இடி கேட்கிறது. இடி கேட்டதும் கூடாரத்துக்குள் அல்ல, காருக்குள் போக வேண்டும்.

ஆறு வேண்டும் என்பவர்களுக்கு உலு லங்காட்டில் சுங்கை சொங்காக், செமினி பக்கம் சுங்கை தெக்காலா ஆகியவை இருக்கின்றன. மக்கள் இன்னும் ஹுத்தான் லிப்போர் என்றே சொல்கிறார்கள். பலகையில் தாமான் எக்கோ ரிம்பா என்றிருக்கும். வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால், மழை மிகுந்தால் மூடிவிடுவார்கள். "மூடிட்டாங்களே" என்று அலுத்துக்கொண்டு பக்கத்திலுள்ள தனியார் முகாமைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதே ஆறுதான் அங்கேயும் ஓடுகிறது.

உலு யாம், கோல குபு பாரு பக்கம் மலையும் ஆறும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த ஊரின் பெயரிலேயே ஒரு பாடம் உண்டு. பழைய கோல குபுவில் 1883இல் அணை உடைந்து பலர் இறந்தனர். பிறகும் வெள்ளம் விடாததால் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். புதிய ஊர் என்பதால்தான் "பாரு". ஒரு நகரமே ஆற்றைவிட்டு விலகிப்போன இடத்தில், அதே ஆற்றின் ஓரத்தில் கூடாரம் அடிக்கும் குடும்பம் கூடுதலாக நான்கு கேள்வி கேட்பதில் தவறில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கு, வறண்ட மாதத்தில், திறந்தவெளியான இடத்தில் என்றால் சரி. ஜண்டா பாய்க்குக்கும் இதே சொல்லலாம். குளுமைக்கு அதை மிஞ்ச இடமில்லை என்பதும் உண்மை.

முன்பதிவின்போது கேட்க வேண்டிய மற்றவை

எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் அலை கிடைக்கும்? அலை இல்லாத இடத்தில் 999 அழைக்கவும் முடியாது போகலாம். இரவில் முகாமில் பொறுப்பாளர் தங்குகிறாரா, அவசர வேளையில் ஆட்களை எழுப்ப மணியோ ஒலிபெருக்கியோ உண்டா? நிறைய பேர் கேட்காத கேள்வி இது, ஆனால் பத்தாங்காலிக்குப் பிறகு கேட்டே ஆக வேண்டியது. தங்குவோரின் பெயர்ப் பட்டியலை எழுதி வைக்கிறார்களா என்பதும் அப்படித்தான். புதையுண்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் மீட்புப் படை தேட முடியாது.

கழிப்பறைக்கு இரவில் விளக்கு இருக்கிறதா, பாட்டி நடந்துபோகும் தூரமா, அமரும் வகை உண்டா என்று கேட்பது அத்தையின் உரிமை. கட்டணம் கூடாரத்துக்கா தலைக்கா என்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். மலாய்க்காரர்கள் நடத்தும் முகாம்களில் பன்றி இறைச்சிக்கும் மதுவுக்கும் அனுமதி இருக்காது. முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் சங்கடம் இல்லை. ஒலிபெருக்கிப் பாட்டு எத்தனை மணி வரை என்பதும் அதில் சேரும்.

கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது, மழை பெய்தாலும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். அணைந்ததாகத் தோன்றும் கரியும் அதை வெளியிடும். மூடிய காருக்குள் இயந்திரத்தை ஓட விட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைப்பதும் இதே ஆபத்துதான்.

வீடு திரும்பிய பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2010இல் பகாங், மாரானில் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய இளைஞரைத் தேடப் போனவர்களிடையே எலிச் சிறுநீர் நோயும் மண் கிருமித் தொற்றும் பரவி 8 பேர் இறந்தனர். ஆற்றில் குளித்து இரண்டு வாரத்துக்குள், சில வேளைகளில் ஒரு மாதம் வரை, காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், எந்த ஆற்றில், எந்த நாளில் குளித்தோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.